பெங்களூரிலிருந்து ஊருக்கு நாயைக் காரில் கூட்டிச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் வேலை, தமிழ்நாட்டில் சொந்த ஊர் என்று இருப்பவர்கள் வீட்டில் ஒரு நாய் வந்துவிட்டால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவதற்குத் தனியாக ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. லிங்கராஜபுரத்திலிருந்து திண்டுக்கல் வரை எங்கள் நாய் செவலையைக் காரில் கூட்டிச் செல்ல முதன்முதலாகத் திட்டமிட்டபோது, கேட்ட ஒவ்வொருவரும் வேறு வேறு பதில் சொன்னார்கள். கடையில் கொக்கி வைத்த பெல்ட் ஒன்று போதும் என்றார்கள். பயிற்சியாளர் கூண்டு இல்லாமல் புறப்படவே வேண்டாம் என்றார். அக்கம்பக்கத்தார் மடியில் வைத்துக்கொண்டால் குழந்தைபோல் தூங்கிவிடும் என்றார்கள். எது சரி, எது நம் வண்டிக்குப் பொருந்தும், எந்தத் தாள் கையில் இருக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், சட்ட விதிகளைப் படித்தும், சாலையில் பார்த்தும் தெளிந்துகொள்ள நீண்ட நாட்கள் பிடித்தன. அதே அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம் என்பதற்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாகத் தெற்கே செல்வோரை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், எந்த நெடும்பயணத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்

புறப்படும் வாரத்தில் மருத்துவரிடம் போவதுதான் பலரும் செய்வது. அதில் உள்ள சிக்கல் என்னவென்றால், வெறிநாய்க்கடித் தடுப்பூசி காலாவதியாகியிருந்தாலோ, குட்டிக்கு அது இன்னும் போடப்படாமல் இருந்தாலோ, அன்று ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் புறப்படுவதில் பயன் இல்லை. முதல் ஊசி பொதுவாக மூன்று மாத வயதுக்குப் பிறகு போடப்படுகிறது; அதன் எதிர்ப்பாற்றல் உடலில் நிலைபெற மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். ஊரில் தெருநாய்கள் சுற்றும் இடத்துக்குத்தான் நம் நாயும் போகப்போகிறது என்பதால் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

அதே சந்திப்பில் இன்னும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணிக்கான மருந்து எப்போது கொடுக்க வேண்டும், நாய்க்கு இதயக் கோளாறோ மூட்டு வலியோ இருந்தால் நீண்ட நேரம் உட்கார வைக்கலாமா, வண்டியில் வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் என்ன மருந்து என்பவை முக்கியமானவை. பக், ஷிட்சூ, பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழாய் குறுகலாக இருப்பதால் வெப்பத்தை அவற்றால் மற்ற நாய்களைப்போல் தாங்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் அவற்றைப் பகலில் கூட்டிச் செல்லவே வேண்டாம் என்பது என் கருத்து. நிறைமாதச் சினையாக இருக்கும் நாயை ஏற்றிச் செல்லக் கூடாது என்று விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான மத்திய விதியே சொல்கிறது.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளியிலோ ஓசூரிலோ சொந்தக் காரில் வரும் வளர்ப்பு நாய்க்குத் தாள் எங்கே என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்படியானால் தாள் எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். வழியில் ஒரு தேநீர்க் கடையில் உங்கள் நாய் யாரையாவது பல்லால் கீறிவிட்டால், அந்த நிமிடத்தில் தடுப்பூசிப் புத்தகம் கையில் இருப்பதும் பெங்களூர் வீட்டு அலமாரியில் இருப்பதும் ஒன்றல்ல. கடிபட்டவருக்கு எப்படியும் உடனே சிகிச்சை வேண்டும். அவருடைய மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா, எந்தத் தேதியில் என்பதாகவே இருக்கும். தங்கும் விடுதிகள், ஊரில் நாயை விட்டுச்செல்லும் காப்பகங்கள் ஆகியவையும் இதைக் கேட்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை: தடுப்பூசிப் புத்தகம், அதன் ஒவ்வொரு பக்கத்தின் படமும் கைபேசியில், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் கையொப்பமும் முத்திரையும் இட்ட உடல்நலச் சான்றிதழ், மாநகராட்சி உரிமம் எடுத்திருந்தால் அதன் நகல், நாயின் முழு உருவமும் முகமும் தெளிவாகத் தெரியும் அண்மைப் படங்கள், நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்தியிருந்தால் அதன் 15 இலக்க எண்.

உடல்நலச் சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு மத்திய விதிகள், நாய் பயணத்துக்கு ஏற்ற உடல்நிலையில் உள்ளது என்றும், வெறிநாய் நோய் உள்ளிட்ட தொற்று நோய்களின் அறிகுறி எதுவும் இல்லை என்றும் தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்கின்றன. சான்றிதழில் நாயின் நிறம், வயது, பால், அடையாளம், தடுப்பூசித் தேதி ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பாருங்கள். அடையாளம் எழுதும் இடத்தில் வெறுமனே ‘நாட்டு நாய், பழுப்பு’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்த வரி பாதி ஊருக்குப் பொருந்தும். எங்கள் செவலையின் வலது முன்னங்காலில் வெள்ளைச் சாக்ஸ் மாட்டியதுபோல் ஒரு பட்டை உண்டு. அதைக் கேட்டு எழுத வைத்தோம். புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் சான்றிதழ் வாங்குவது நல்லது. தனியார் மருத்துவமனைகளில் நேரம் கிடைக்காதவர்கள் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள்.

நுண்சில்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தோலுக்கடியில் பொருத்திவிட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும் எனப் பலர் நம்புகிறார்கள். அது இடங்காட்டி அல்ல. வருடியை (ஸ்கேனரை) அருகில் கொண்டுபோனால் எண்ணை மட்டும் காட்டும். அந்த எண்ணோடு உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு பதிவகத்தில் ஏற்றப்பட்டிருந்தால்தான் பயன். ஆகவே பொருத்திய இடத்திலேயே பதிவை முடித்து, உங்கள் எண்ணைத் தேடிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்கு மேல், கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண்ணைப் பொறித்த ஒரு தகடு கட்டாயம் வேண்டும். நாமக்கல் பக்கம் ஓடிப்போன நாயைப் பிடிக்கிற லாரி ஓட்டுநரிடம் வருடி இருக்காது. தகட்டில் தமிழிலும் ஒரு வரி இருக்கட்டும்.

3. எதில் கட்டுவது, எங்கே உட்கார வைப்பது

இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள். கட்டாத நாய் விபத்தில் என்ன ஆகும் என்பதைக் கணக்கு சொல்லும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டர் தொலைவுக்குள் நின்றால், உள்ளே இருக்கும் 20 கிலோ நாய் ஏறத்தாழ 400 கிலோ எடைக்கு நிகரான விசையோடு முன்னால் பாயும். எந்த மடியாலும் எந்தக் கையாலும் அதைப் பிடித்து வைக்க முடியாது. முன்னிருக்கையில் ஒருவர் மடியில் நாய் இருந்தால், ஏர்பேக் விரியும் வேகத்தில் முதலில் அடிபடுவது அந்த நாயே. ஓட்டுநர் மடியில் நாயை வைத்துக்கொண்டு ஓட்டுவதோ சட்டத்துக்கே விரோதம்: வண்டியைக் கட்டுப்படுத்துவதற்கு இடையூறாக எவரையும் உட்கார வைப்பதையும் எதையும் வைப்பதையும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆம் பிரிவு தடுக்கிறது. விலங்குக்குத் தேவையற்ற வேதனை உண்டாகும்படி வண்டியில் ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

ஆகவே நாய் பின்பக்கம்தான் இருக்க வேண்டும். கட்டப்பட்டோ கூண்டுக்குள்ளோ இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நாயின் எடையும் உங்கள் வண்டியின் அமைப்பும் தீர்மானிக்கும்.

சிறிய நாய், அதாவது ஏழெட்டுக் கிலோவுக்குள் இருப்பது: கெட்டியான பக்கங்கள் கொண்ட சிறு பெட்டி ஒன்றில் விட்டு, முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே கால் வைக்கும் தரையில் இறுக்கமாக நிறுத்துவதே மிகப் பாதுகாப்பானது. முன்னிருக்கையைச் சற்றுப் பின்னால் தள்ளினால் பெட்டி அசையாமல் சிக்கிக்கொள்ளும். பெட்டியைப் பின்னிருக்கை மேல் வைத்து அதன் கைப்பிடி வழியாக சீட் பெல்ட்டை மாட்டுவது பலர் செய்வது. பெட்டி அதற்கென்று வடிவமைக்கப்படவில்லை என்றால், மோதலில் கைப்பிடி பிய்ந்து பெட்டி பறந்துவிடும்.

நடுத்தர நாய்: நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் சிறிய கார்களில் பெரிய கூண்டுக்கு இடமில்லை. வேகன் ஆர் போன்ற வண்டிகளில் சிஎன்ஜி உருளை டிக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இவர்களுக்கு ஹார்னஸ் எனப்படும் மார்புப்பட்டைதான் வழி. அதை வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மார்பில் விழும் பட்டை அகலமாகவும் பஞ்சு வைத்ததாகவும் இருக்க வேண்டும். முதுகில் பெல்ட் நுழையும் வளையம் பட்டையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். சுமை தாங்கும் இடங்களில் பிளாஸ்டிக் கொக்கி இருக்கக் கூடாது. ‘மோதல் சோதனை செய்யப்பட்டது’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அதை உடனே நம்பாதீர்கள். அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு ஹார்னஸ்களையும் பெட்டிகளையும் மோதவிட்டுச் சோதித்து, தேறியவற்றுக்குச் சான்று அளிக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவை இங்கே எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். நடைக்கு மாட்டும் சாதாரண ஹார்னஸ் பெரிய மோதலைத் தாங்காது என்றாலும், திடீர் பிரேக்கிலும் கதவு திறக்கும்போதும் நாயைக் காப்பாற்றும். ஆகவே இருப்பதில் கெட்டியானதை வாங்குங்கள், சும்மா விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்தச் சிறிய பெல்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். கடைகளில் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒரு முனையில் சீட் பெல்ட் நாக்கும் மறுமுனையில் கொக்கியும் உள்ள பட்டை அது. அதில் மூன்று ஆபத்துகள் உள்ளன. முதலாவது, அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டுவது. திடீர் பிரேக் ஒன்று போதும், கழுத்தெலும்புக்கே ஆபத்து. ஹார்னஸின் முதுகு வளையத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். இரண்டாவது, நாக்கு உங்கள் வண்டியின் பூட்டுக்குச் சரியாகப் பொருந்தாமல் இருப்பது. ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டதும் திருப்தி அடையாமல், கால்களை ஊன்றி முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். நான் கடையில் இழுத்தபோது ஒன்று கையோடு வந்துவிட்டது. மூன்றாவதுதான் யாரும் சொல்லாதது. நாய் இருக்கையில் திரும்பிப் படுக்கும்போது அதன் பாதம் பூட்டின் சிவப்புப் பொத்தானில் சரியாக அழுந்தி, பெல்ட் தானாகக் கழன்றுவிடும். செவலை இதை எங்கள் கண்ணெதிரிலேயே செய்தது. வண்டி அப்போது வீட்டு வாசலில்தான் நின்றது. இதைத் தவிர்க்க, வண்டியின் பெல்ட்டையே ஹார்னஸின் முதுகு வளையத்துக்குள் நுழைத்து இருக்கையின் மறுபக்கம் பூட்டலாம். அல்லது அண்மைக்கால வண்டிகளில் குழந்தை இருக்கை மாட்டுவதற்காகப் பின்னிருக்கை இடுக்கில் உள்ள ஐசோஃபிக்ஸ் இரும்பு வளையத்தில் எஃகுக் கொக்கியால் மாட்டலாம். நாய் உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும். முன்னிருக்கை இடைவெளிக்கு எட்டக் கூடாது. அந்த அளவுக்குப் பட்டையைச் சுருக்குங்கள். தலைசாய்ப்பானிலோ மேல் கைப்பிடியிலோ சங்கிலியைக் கட்டாதீர்கள். இருக்கையிலிருந்து சரிந்தால் தூக்குப்போல் ஆகிவிடும்.

பெரிய நாயும் பெரிய வண்டியும் உள்ளவர்கள் டிக்கிப் பகுதியில், பின்னிருக்கையின் முதுகை ஒட்டி, உலோகக் கூண்டை வைத்து நான்கு மூலைகளிலும் வாரால் இறுக்கலாம். நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். அதைவிட மிகப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் உள்ளேயே உருளும். பின்கதவு மூடிய செடான் காரின் டிக்கியில் எந்த நாயையும் எந்த நேரத்துக்கும் வைக்கக் கூடாது.

பின்னிருக்கையில் விரிக்கும் தொட்டில் போன்ற உறை இருக்கையைத்தான் காக்கும், நாயைக் காக்காது. வாங்கினால் பெல்ட் பூட்டுக்கான துளை இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் ஏசி துளை இல்லாத வண்டிகளில் இந்த உறை முன்பக்கக் குளிர்காற்றைத் திரைபோல் மறைத்துவிடும். புறப்பட்டுப் பத்து நிமிடத்தில், நாய் படுத்திருக்கும் இடத்தில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். முன்னே உங்களுக்குக் குளிர்வதும் அங்கே காற்றே வராமல் இருப்பதும் அப்போதுதான் தெரியும்.

கடைசியாக, பின்கதவுகளின் குழந்தைப் பூட்டைப் போடுங்கள். பின் ஜன்னல் பொத்தான்களை ஓட்டுநர் பக்கத்திலிருந்து முடக்குங்கள். நாய் ஜன்னலில் கால் ஊன்றும்போது பொத்தான் அழுந்திக் கண்ணாடி இறங்கும், அல்லது கழுத்தில் ஏறும். தலையை வெளியே நீட்டி வரும் நாயைப் பார்க்க அழகாக இருக்கலாம். கண்ணில் கல் தெறித்த நாயைப் பார்த்தவர்கள் அதை அனுமதிக்க மாட்டார்கள்.

4. வண்டிக்கும் பட்டைக்கும் பழக்குங்கள்

மருத்துவமனைக்குப் போக மட்டுமே காரில் ஏறிய நாய்க்குக் கார் என்றாலே ஊசிதான். நின்ற வண்டியில், இன்ஜின் ஓடாமல், பின்னிருக்கையிலேயே ஒரு வாரம் உணவு கொடுங்கள். பிறகு ஹார்னஸை வீட்டுக்குள் மாட்டிப் பழக்குங்கள். பிறகு தெருமுனை வரை. பிறகு கப்பன் பூங்கா போன்று நாய்க்குப் பிடித்த இடம் வரை. அவசரம் வேண்டாம், எச்சில் ஒழுகுவதும் நடுங்குவதும் குறைந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். கூண்டு வாங்கினால் அதை முதலில் வீட்டில் கதவைத் திறந்தே வையுங்கள். நாய் தானாகப் போய்ப் படுக்கும் இடமாக அது ஆன பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

5. உணவு, வாந்தி, மருந்து

முழு உணவைப் புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். அதற்காகக் குட்டியை நாள் முழுக்கப் பட்டினி போடாதீர்கள். மேலே சொன்ன 1978ஆம் ஆண்டு விதிகள் வளர்ந்த நாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குட்டிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் உணவு என்கின்றன. தண்ணீர் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. இது குறைந்தபட்ச அளவு. நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்டுவதே சரி. வீட்டில் குடிக்கும் தண்ணீரையே கேனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாந்திக்கு நாய்களுக்கென்றே மாரோபிட்டன்ட் என்ற மருந்து இருக்கிறது. அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். ‘தூங்க வைக்க ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்பது தவறான கேள்வி. சில மயக்க மருந்துகள் உடலை அடக்கும், பயத்தை அடக்காது. உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் திறனையும் குறைக்கும். பயம்தான் சிக்கல் என்றால் பயத்துக்கான மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அதையும் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். நம் பையில் இருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரோஃபெனையோ நாய்க்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள், அவை அதற்கு நஞ்சு.

6. எப்போது, எந்த வழியில் புறப்படுவது

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஓசூரைத் தொடுவதற்குள் நாய் களைத்துவிடும். அதிகாலை நான்கு, நாலரைக்குப் புறப்பட்டால் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தையும் அத்திப்பள்ளியையும் வெயிலுக்கு முன்பே தாண்டிவிடலாம். ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் உள்ள சேலத்தை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம். மதுரை வரை செல்வோருக்கு ஏறத்தாழ 435 கிலோமீட்டர். கோடையில் கரூர் பக்கம் நண்பகலில் வண்டியை நிறுத்த நேராதபடி நேரத்தைக் கணக்கிடுங்கள்.

தருமபுரியைத் தாண்டியதும் வரும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கனரக லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகள் அடிக்கடி நடக்கின்றன. அந்த இறக்கத்துக்கு முன்பே நாயை இறக்கிக் கூட்டிப்போய்விட்டு, பட்டையை மீண்டும் சரிபார்த்து, மெதுவாக இடப்பக்கமே இறங்குங்கள். கோவை செல்வோர் சிலர் சாமராஜநகர், சத்தியமங்கலம் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வாந்தி எடுக்கும் நாய்க்கு அது வேண்டாம். புலிகள் காப்பகம் வழியே போவதால் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. காட்டுக்குள் எந்த இடத்திலும் நாயை இறக்கக் கூடாது. சிறுத்தைக்கு நம் நாய் இரை. நம் நாயின் நோய்கள் காட்டு விலங்குகளுக்குக் கேடு.

தீபாவளிக்குப் போவதென்றால், வெடிச் சத்தம் தொடங்கிய பிறகு பயணம் செய்யாதபடி இரண்டு மூன்று நாட்கள் முன்பே போய்ச் சேருங்கள்.

7. வண்டியை நிறுத்தும் இடத்தில்

நாய் தொலைவது ஓடும் வண்டியிலிருந்து அல்ல, நின்ற வண்டியிலிருந்து. நெடுஞ்சாலை உணவகத்தில் வண்டி நிற்கிறது. ஆளாளுக்கு நான்கு கதவையும் திறக்கிறார்கள். பக்கத்தில் லாரி ஒன்று காற்று பிரேக்கை ‘புஸ்ஸ்’ என்று விடுகிறது. பயந்த நாய் எவர் காலுக்கும் நடுவே புகுந்து சாலைக்குப் பாய்கிறது. இதைத் தடுக்க ஒரே ஒரு ஒழுங்கைக் குடும்பத்தில் எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வண்டி நின்றதும் எந்தக் கதவும் திறக்கக் கூடாது. பின்னிருக்கையில் நாய்க்குப் பக்கத்தில் இருப்பவர், வண்டியின் பட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, லீஷ் எனப்படும் கையில் பிடிக்கும் வாரை ஹார்னஸில் ஒன்றும் கழுத்துப்பட்டையில் ஒன்றுமாக மாட்டி, கைப்பிடியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். அவர் ‘ஆச்சு’ என்று சொன்ன பிறகே கதவு. ஏறும்போதும் இதே வரிசை தலைகீழாக: முதலில் பட்டை, பிறகு கதவு மூடல், கடைசியில் லீஷ். குழந்தைகளுக்கு இதை வீட்டு வாசலிலேயே இரண்டு முறை செய்து காட்டிவிட்டால் மறக்க மாட்டார்கள். பாட்டி, தாத்தாவுக்கும் சொல்லுங்கள்.

நிழலும் மண்தரையும் உள்ள, சாலையிலிருந்து தள்ளி இருக்கும் பெட்ரோல் நிலையம் அல்லது உணவகத்தைத் தேர்ந்தெடுங்கள். சாலையின் நடுத்திட்டிலோ சுங்கச்சாவடி ஓரத்திலோ இறக்காதீர்கள். தார்த் தரையில் உங்கள் புறங்கையை சில விநாடிகள் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துபோகும். தெருநாய்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் இறங்கவே வேண்டாம். அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுங்கள்.

8. நிறுத்திய காரில் நாயைத் தனியே விடாதீர்கள்

ஐந்து நிமிடம்தானே, ஜன்னலைச் சிறிது இறக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளிவெப்பத்தைவிடச் சுமார் 22 பாகை செல்சியஸ் வரை உயரும் என்றும், அந்த உயர்வின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடும் என்றும், ஜன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 பாகை வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டுப் போவதும் தீர்வல்ல: நாய் மையப் பூட்டின் பொத்தானை மிதித்துக் கதவுகள் பூட்டிக்கொள்ளலாம், சாவி உள்ளே இருக்கும். ஆகவே சாப்பிடும்போது ஒருவர் நாயுடன் வெளியே நிழலில் இருக்க, மற்றவர்கள் முறை வைத்துச் சாப்பிடுங்கள். தனியாகப் பயணம் செய்பவர் கட்டுச்சோறு எடுத்துக்கொள்வதே நல்லது.

விடாமல் இரைப்பது, பசைபோன்ற எச்சில், ஈறு அடர்சிவப்பாவது, தள்ளாடுவது ஆகியவை வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கையில் இருக்கும் தண்ணீரை உடல் முழுக்க, குறிப்பாக வயிறு, தொடையிடுக்கில் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தேடி நேரத்தை இழக்காதீர்கள். ஈரத்துண்டைப் போர்த்தியே வைத்திருக்காதீர்கள், அது சூட்டை உள்ளே அடைக்கும். முதலில் குளிர்வித்து, பிறகு ஏசியைப் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள். வாயை இறுக்கி மூடும் துணி வாய்மூடியை மாட்டியிருந்தால் நாயால் இரைக்கவே முடியாது. வாய்மூடி தேவைப்படும் நாய்க்குக் கூடை வடிவில் உள்ளதை வாங்குங்கள்.

வழியில் உள்ள மருத்துவமனைகளை முன்பே வரைபடத்தில் குறித்து வையுங்கள். நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நெடுஞ்சாலை உதவிக்கு 1033. நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962; அது முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது என்றாலும், எண்ணைப் பதிந்து வைத்திருப்பதில் தவறில்லை.

9. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு

பெங்களூர் நகருக்குள் ஊபர் பெட் என்ற சேவை 2024இல் தொடங்கியது. மருத்துவமனை செல்வதற்கு அது உதவும். வெளியூர் வாடகை வண்டிக்கு, முகவரிடம் சொன்னது போதும் என்று இருக்காதீர்கள். ஓட்டுநரிடமே முந்தைய நாள் பேசி, நாயின் எடை, படம், சுத்தம் செய்யும் கட்டணம் எவ்வளவு என்பதைச் செய்தியாகப் பரிமாறிக்கொள்ளுங்கள். பின்னிருக்கையில் பெல்ட் பூட்டுகள் உறைக்கடியில் புதைந்திருப்பது வாடகை வண்டிகளில் வழக்கம். வண்டி வந்ததும் சாமான் ஏற்றும் முன் அவற்றை வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

10. செலவு

நான் விசாரித்த கடைகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்த நிலவரத்தைத் தோராயமாகச் சொல்கிறேன். உடல்நலச் சான்றிதழ் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை. நுண்சில்லு ஐந்நூறிலிருந்து ஆயிரத்தைந்நூறு வரை. கெட்டியான ஹார்னஸ் ஆயிரத்தைந்நூறு முதல் மூவாயிரம். நடுத்தர நாய்க்கான கூண்டு நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம். பெயர்த் தகடு இருநூறு, முந்நூறு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது என்றால் முதலில் தடுப்பூசி, பிறகு தகடு, ஹார்னஸ் என்ற வரிசையில் செலவிடுங்கள். இருக்கை உறைக்கும் நாய்க்கான கண்ணாடி, தொப்பி போன்றவற்றுக்கும் அந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள்.

11. ஊரில் இறங்கிய பிறகும் திரும்பும் முன்பும்

நகர அடுக்குமாடியில் வளர்ந்த நாய், திறந்த வாசலும் அடைக்காத கொல்லைப்புறமும் உள்ள வீட்டில் முதல் இரண்டு நாட்கள் லீஷில் மட்டுமே வெளியே வர வேண்டும். கிணற்றுச் சுவர், எலி மருந்து வைத்த இடம், வயலுக்கு மருந்தடித்த டப்பா ஆகியவற்றை வந்த அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னைக்கே குடிமாறிச் செல்வோர், மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம் என்பதைக் கவனத்தில் கொண்டு, தடுப்பூசிச் சான்றோடு விண்ணப்பியுங்கள்.

திரும்பப் புறப்படும் முந்தைய மாலை காது மடிப்பு, விரலிடுக்கு, வால் அடி ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஊரில் ஓடியாடியதில் நாய் சற்று இளைத்திருக்கலாம். ஹார்னஸை மீண்டும் மாட்டி, பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள். பெங்களூர் வந்து இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், சோர்வு, உணவு மறுப்பு தெரிந்தால், ஊருக்குப் போய்வந்ததைச் சொல்லி உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.